மருமகன் சோறு

சாய்ந்தமருதில் றுகையாவின் வீட்டு வளவுக்குள் போனவர் யாரும் வெறுங்கையோடு திரும்பியதில்லை. ஒரு பிடி பசளிக் கீரை, காரத்துக்கு நாலு கொச்சிக்காய், ஒரு கீற்றுப் பூசணி என்று எதையாவது கையில் திணித்துத்தான் அனுப்புவாள். ஆனால் அந்த வளவிலிருந்து ஒரு சட்டி குப்பையை மட்டும் எவராலும் வாங்கிவிட முடியாது. பக்கத்து வீட்டு றஹீமா ஒருநாள் தன் வாழைக்குப் போட அடுப்புச் சாம்பல் கேட்டுவிட்டு, தங்கத்தைக் கேட்டவள் போல முழித்துக்கொண்டு நின்றாள். சாம்பல் பூசணிக்கு உரியது. மீன் கழுவிய தண்ணீர் முருங்கைக்கு உரியது. அரிசி களைந்த தண்ணீரைக் கத்தரிதான் குடிக்க வேண்டும். இந்தக் கணக்கில் றஹீமாவின் வாழைக்கு இடமே இல்லை.

அவளைக் கஞ்சப்பிசினாரி என்று சொல்லிவிடலாம். ஊரில் சிலர் சொல்லவும் செய்தார்கள். அப்படிச் சொன்னவர்கள் கடற்கரை மணலில் ஒரு கத்தரிக் கன்றையாவது பிடிக்க வைத்துப் பார்த்திருக்க வேண்டும். எவ்வளவு ஊற்றினாலும் குடித்துவிட்டு ஒன்றும் நடக்காதது போலக் கிடக்கிற மணல் அது. அதை மண்ணாக்குவதற்கு றுகையா தோணா வாய்க்காலில் முழங்கால் தண்ணீரில் இறங்கி, மிதக்கிற ஆற்றுவாழையை அறுத்துச் சாக்கில் கட்டித் தலையில் சுமந்து வருவாள். குழி தோண்டி, மீன்குடலையும் சாணியையும் அதோடு சேர்த்துப் புதைத்து, அதன்மேல் விதை போடுவாள். அவளுடைய புருஷன் காலிதீன் கரைவலை இழுக்கிறவர். மகளுக்கு ஆறு வயதாகும்போது ஒரு காய்ச்சலில் நாலே நாளில் போய்விட்டார். அதற்குப் பிறகு அவளையும் மகளையும் காப்பாற்றியது அந்தப் பதினொரு பேர்ச் வளவும், காலையில் தேத்தண்ணிக் கடைகளுக்கு அவித்துக் கொடுத்த இடியப்பமும்தான்.

ஒரு பூசணிக்காயை அவள் கையில் கொடுத்தால் நாலு நாள் ஓட்டுவாள். சதை ஒருநாள் சோற்றுக்கு ஊற்றிக்கொள்ள ஆணம். தோலைச் சீவி மிளகாயோடு வதக்கி அரைத்தால் மறுநாள் சம்பல். கொடியின் குருத்து சுண்டல். விதையைக் கழுவிக் காயவைத்து வறுத்தால் மகளுக்குக் கொறிக்க ஆயிற்று. தேங்காயை மூன்று தரம் பிழிவாள். நாலாவது தரமும் பிழிய முடியுமா என்று அதைப் பார்த்துவிட்டு, சக்கையை வெங்காயத்தோடு வறுத்துச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்வாள். இப்படி வாயைக் கட்டி வயிற்றைக் கட்டித்தான் இரண்டு அறையும் ஒரு கூடமுமாக ஓட்டு வீடு ஒன்றைக் கட்டினாள். அது தனக்கென்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த பெண் புருஷன் வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடும் பெண்ணின் பெயருக்கு எழுதப்படும். பெற்றவள் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு பின்னுக்குப் போய்விட வேண்டியதுதான். எண்பத்தொன்றாம் ஆண்டு சின்னப்போக வெள்ளாமை வெட்டி முடிந்த கையோடு கமீலாவுக்குக் கலியாணம் நடந்தது. மாப்பிள்ளை மசூர் வரிப்பத்தான்சேனைக்காரன், வயல்காரக் குடும்பத்துப் பிள்ளை, கல்முனையில் ஒரு நெல் மில்லில் வேலை. பேசி முடித்தது றஹீமாவின் புருஷன் ஷரிபுதீன். நெல் வாங்கப் போகிற இடத்தில் அவனைப் பார்த்துப் பிடித்துப்போய் வந்து சொன்னவர். நிக்காஹ் முடிந்த அன்றைக்கே றுகையா தன் பாயையும் தலையணையையும் கொண்டுபோய், வளவின் பின்பக்கம் தென்னங்கிடுகால் அடைத்து வேய்ந்த அடுப்படிக்குள் போட்டாள். சந்தோஷமாகத்தான் போனாள்.

அங்கிருந்துதான் அவளுடைய பாடு தொடங்கியது. முதல் ஒரு வருஷமாவது மருமகனுக்குச் சோறு போடுவது மாமியின் பொறுப்பு. வருஷம் போய், ஒரு பிள்ளையும் ஆனபின், மாமியே புதுச்சட்டி வாங்கிக் கொடுத்து மகளுக்குத் தனி அடுப்பு வைத்துக் கொடுப்பாள். அதற்கு முன்னால் மருமகன் தானாகத் தனியடுப்பு வைத்தாலோ, பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாலோ, மாமியின் முகத்தில் காறித் துப்பியதற்குச் சமம். இவ்வளவு கிட்ட இருந்து சோறு போடுகிறவள் அவன் கண்ணில் படவும் கூடாது, அவனோடு கதைக்கவும் கூடாது. மார்க்கத்தில் இப்படி ஒரு சட்டமும் இல்லை. மகளைக் கட்டிய நிமிடத்திலிருந்து அவன் அவளுக்கு மகன் மாதிரி. முகம் பார்க்கலாம், பேசலாம், ஒரே சஹன் தட்டில் கை வைத்துச் சாப்பிடலாம். பள்ளிவாசல் லெப்பையைக் கேட்டால் அவரே சொல்வார். ஆனால் லெப்பையின் மாமியாரும் கதவுக்குப் பின்னால்தான் நின்றாள். வெட்கம் என்று ஒன்றை எங்கள் பெண்கள் மார்க்கத்தைவிடக் கெட்டியாகப் பிடித்து வைத்திருந்தார்கள்.

கலியாண வீட்டில் பந்தி நடந்துகொண்டிருந்தபோது, வாப்பா இல்லாத வீட்டில் இந்த மாப்பிள்ளை எத்தனை நாளைக்கு இருக்கிறான் பார்ப்போம் என்று யாரோ ஒருத்தி சொன்னது றுகையாவின் காதில் விழுந்தது. சொன்னவள் அடுத்த வாய்க்குள் அதை மறந்திருப்பாள். றுகையா மறக்கவில்லை. மருமகன் நிலைக்க வேண்டும், மகள் இந்த வளவிலேயே இருக்க வேண்டும், பேரப்பிள்ளை இந்த வளவிலேயே பிறக்க வேண்டும். அதற்கு அவன் சோற்றுப் பீங்கானில் ஒருநாளும் குறை தெரியக்கூடாது. அவளுக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

ஆக, ஒரே அடுப்பில் இரண்டு சமையல் நடந்தது. மருமகனுக்கு நல்ல அரிசி, பாரை மீன் அல்லது கும்பளா, முதற்பால் விட்ட ஆணம், பொரியல். கமீலா வந்து பீங்கானை வாங்கிக்கொண்டு போவாள். அவன் சாப்பிட்டபின் அதே சட்டியில் அவளும் சாப்பிடுவாள். அது போனபின் றுகையா தன் சிறு சட்டியை ஏற்றுவாள். குறுணல் அரிசிக் கஞ்சி, அதற்குள் ஒரு பிடி இலை. புரட்டாசியின் கச்சான் காற்று மணலை வாரி முகத்தில் அடித்துக்கொண்டிருந்த நாட்களில் இலைகூட அருமையாகத்தான் இருந்தது. மரவள்ளிக் குருத்தைக் கிள்ளி, அவித்து, கைப்புத் தண்ணீரை வடித்துவிட்டு மறுபடியும் அவித்து, உப்பும் கொச்சிக்காயும் போட்டுச் சாப்பிடுவாள். கிணற்றில் தண்ணீர் இறங்கிக்கொண்டே போனது. விடிய எழும்பி முப்பது வாளி இறைத்துக் கத்தரியையும் பயற்றையும் உயிரோடு வைத்திருந்தாள்.

தோட்டத்தில் காய்த்ததை அவனுக்குச் சமைக்கலாமே என்று யாரும் கேட்பார்கள். கமீலாவும் கேட்டாள். வீட்டுக் கொல்லையில் முளைத்த இலை குழையை மருமகனுக்குப் போடுவது றுகையாவின் நினைப்பில் பஞ்சத்தைப் பீங்கானில் வைத்துக் கொடுப்பது மாதிரி. நல்ல காயை எல்லாம் றஹீமாவின் கையில் சந்தைக்குக் கொடுத்தனுப்பி, அந்தக் காசுக்கு மீன் வாங்குவாள். புருஷனின் சம்பளத்தில் கொஞ்சம் தருகிறேன் என்று கமீலா சொன்னதற்கு, மருமகன் உழைத்த சோற்றை மருமகனுக்கே போடுகிற வீடா இது என்று கேட்டு அவள் வாயை அடைத்துவிட்டாள். தாய் என்ன தின்கிறாள் என்று புருஷனிடம் மூச்சுக்கூட விடக்கூடாது என்று மகளிடம் சத்தியமும் வாங்கினாள். கமீலா இருபது வயதுப் பெண். தாய் கஞ்சி குடிப்பதைப் பிறந்ததிலிருந்து பார்த்தவள். அவளுக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வந்த குர்பான் இறைச்சியில் றுகையா ஒரு துண்டுகூட வாயில் வைக்கவில்லை. மஞ்சளும் உப்பும் பூசி, ஈர்க்கில் கோர்த்து, அடுப்புக்கு மேலே புகையில் தொங்கவிட்டாள். மாரியில் கடல் கொந்தளிக்கும், தோணி இறங்காது, மீன் கிடைக்காது. அப்போது மருமகனுக்கு வேண்டும். பிறகு முதல் மழை விழுந்தது. அந்த மழையில் நனைந்துகொண்டே அவள் பூசணியும் பாகலும் ஊன்றினாள், மிளகாய் நாற்றுப் பிடுங்கி நட்டாள், தண்ணீர் தேங்காமல் இருக்க மண்ணை அணைத்து வரம்பு கட்டினாள். கார்த்திகைக்குள் வளவு பச்சைப்பசேலென்று ஆகிவிட்டது. பார்க்கிறவர்களுக்குச் செழிப்பான வீடு. அதற்குள் குனிந்து நின்ற அவள்தான் மெலிந்துபோயிருந்தாள். சட்டையின் கை தொளதொளத்தது. றஹீமா கேட்டதற்கு, மாரிக் குளிருக்கு உடம்பு இப்படித்தான் ஆகும் என்றாள்.

மார்கழி பிறந்ததும் வாடை பிடித்துக்கொண்டது. ஒன்பது நாள் தோணி இறங்கவில்லை. காயவைத்த இறைச்சியும் முடிந்தது. கருவாடு வாங்கலாமென்றால் சந்தைக்குப் போகிற வழியெல்லாம் வெள்ளம். காய் விற்கப் போன றஹீமா விற்காமலே திரும்பி வந்தாள். பத்தாம் நாள் பகல் மருமகனுக்கு ஆக்க மீன், இறைச்சி என்று றுகையாவிடம் ஒன்றுமில்லை. தோட்டத்துக் காயில் கொஞ்சம் எடுப்பாக இருந்தது கொடியில் ஒரு பூசணிதான். அதை அறுத்துக்கொண்டு வந்து வைத்து, வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கடுகும் பெருஞ்சீரகமும் வறுத்து இடித்து, கட்டிப்பால் பிழிந்து, கறிவேப்பிலையைக் கை நிறையப் போட்டு, தன் ஆயுளில் வைக்காத பக்குவமாக ஒரு பூசணிக்காய்ப் பாலாணம் வைத்தாள். கமீலா வந்து பீங்கானை வாங்கிக்கொண்டு போனாள்.

றுகையா கிடுகு ஓட்டையில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். வழக்கமாக மசூர் ஆற அமர, கமீலாவோடு கதைத்துக் கதைத்துச் சாப்பிடுகிறவன். அன்றைக்கு ஒரு கதையும் இல்லை. மளமளவென்று சாப்பிட்டுப் பீங்கானைத் தள்ளி வைக்கிற சத்தம் கேட்டது. கமீலா ஓடி வந்து இன்னும் ஆணம் இருக்கிறதா என்று கேட்டாள். இருந்ததை எல்லாம் கொடுத்தாயிற்று. றுகையாவின் சிறு சட்டியில் தோலும் கஞ்சியும்தான் கிடந்தன. முடிந்துவிட்டது என்று சொல்லச் சொன்னாள். சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போய், ஆணச் சட்டி கழுவுகிற சாட்டில் அழுதாள். இன்னும் கேட்டது பசிக்குத்தான், கோபத்தில் வாரி விழுங்கிவிட்டு அரை வயிற்றோடு எழும்பிவிட்டார் என்றுதான் அவளுக்குப் பட்டது.

மூன்றாம் நாள் மசூர் வரிப்பத்தான்சேனைக்குப் போவதாகக் கமீலா வந்து சொன்னாள். வயலில் தண்ணீர் கட்ட ஆளில்லையாம், வாப்பா வரச் சொன்னாராம், அங்கேயே இருந்து வெள்ளாமை செய்யப் போகிறாராம். தானும் போக வேண்டுமாம். சொல்லும்போது அவள் தாயின் முகத்தைப் பார்க்கவில்லை.

"மகள், அந்தப் பூசணிக்காயாலயா?" என்று றுகையா கேட்டாள்.

"அப்பிடி ஒண்டுமில்ல உம்மா," என்றாள் கமீலா. மேற்கொண்டு எதுவும் சொல்லக்கூடாது என்று இந்தத் தடவை புருஷன் அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தான். பாவம், இரண்டு பேருடைய சத்தியத்தையும் ஒரே வாய்க்குள் வைத்துக்கொண்டு அந்தப் பெண் பஸ் ஏறினாள்.

றுகையா அன்றைக்கு அழவில்லை. முகம் காட்ட முடியாமல் போனதுதான் அவளை முதலில் வதைத்தது. தெருவில் எவள் சிரித்தாலும் தன்னைத்தான் சிரிக்கிறாள் என்று நினைத்தாள். வீட்டுக் கதவைச் சாத்தி, பூட்டி, திறப்பை ஆணியில் மாட்டிவிட்டு அடுப்படியிலேயே இருந்தாள். அது மகளின் வீடு. அவள் ஏன் அதற்குள் போய்ப் படுக்கப்போகிறாள்? தை பிறந்தபோது தோட்டம் என்றுமில்லாதபடி காய்த்தது. வெண்டி முற்றி நார் விழுந்தது, பாகல் கொடியிலேயே பழுத்து வெடித்தது. ஒருத்திக்கு எவ்வளவு வேண்டும்? வருகிறவர்களுக்கெல்லாம் அள்ளிக் கொடுத்தாள். றஹீமாவுக்கு ஒருநாள் கேட்காமலே இரண்டு சட்டி சாம்பலும் கிடைத்தது. அதை வாங்கிக்கொண்டு போன றஹீமா வீட்டில் இருந்து அழுதாள் என்று ஷரிபுதீன் பிறகு சொன்னார்.

நோன்புப் பெருநாளைக்குக் கமீலா இரண்டு நாள் வந்துவிட்டுப் போனாள், வயிறும் பிள்ளையுமாக. மசூர் வரவில்லை. தாய்க்கு ஒரு சாக்கு அரிசி கொடுத்தனுப்பியிருந்தான். றுகையா அந்தச் சாக்கை அவிழ்க்கவில்லை. பிள்ளைப்பேற்றுக்கு மகள் வரும்போது அவர்களுக்கு ஆக்கிப்போட என்று பலகையின் மேல் ஏற்றி வைத்தாள். தலைப்பிள்ளை தாய் வீட்டில்தான் பிறக்க வேண்டும். அதற்காவது வருவார்கள் என்று நாள்களை எண்ணினாள். பூட்டிய வீட்டைத் திறந்து கூட்டி, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாள். மாரிக்கு முன்னால் குழிகளைப் புதுப்பித்து, முருங்கையைக் கவாத்துப் பண்ணி, பிள்ளை பெற்றவளுக்கு வேண்டும் என்று ஒரு பாத்தி முழுக்க இஞ்சியும் மஞ்சளும் வைத்தாள்.

ஐப்பசியில், மழை இரண்டு நாள் பெய்து சற்று ஓய்ந்திருந்த ஒரு பகல், லுஹர் தொழுதுவிட்டுக் கஞ்சிச் சட்டியை இறக்கி வைத்திருந்தாள். வேலிக் கடப்பைத் திறக்கிற சத்தம் கேட்டது. கிடுகு ஓட்டையால் பார்த்தாள். மசூர். தனியாக, கையில் குடையோடு, முற்றத்தில் அடுப்படியைப் பார்த்தபடி நின்றான்.  மகளுக்கு ஏதும் ஆகிவிட்டதோ என்று பயந்து றுகையா முக்காட்டை வாயில் பொத்திக்கொண்டாள்.

அவன் கடைத்தெருவில் பேசுகிற மாதிரி இல்லாமல், மெல்லத்தான் பேசினான்.

"மாமி, நான் மசூர். கமீலா சுகமா இரிக்கா, பயப்பட வேணாம். ஒண்டு சொல்லணும் எண்டுதான் வந்தன். அண்டைக்கு நீங்க ஆக்கின பூசணிக்காய் ஆணம் மாதிரி நான் ஒருநாளும் திண்டதில்ல. எங்கட ஊட்ட நாங்க இலையும் காயும் திண்டு வளந்த ஆக்கள். இன்னும் கொஞ்சம் கேட்டன், முடிஞ்சிட்டு எண்டா கமீலா. நான் நம்பல்ல. நீங்க கிணத்தடிக்குப் போன நேரம் அடுப்படிக்குள்ள வந்து உங்கட சட்டியத் திறந்து பார்த்தன்."

குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான்.

"அதுக்குப் பொறகு எனக்கு இஞ்ச ஒரு வாய் இறங்கல்ல மாமி. உங்கட பசியத்தான் நான் இவ்வளவு நாளும் திண்டிரிக்கன். அதாலதான் போனன், வேற ஒண்டுமில்ல. கமீலாக்கு இது எட்டாம் மாதம். உங்ககிட்ட வந்து பெறணும் எண்டு அழுறா. எனக்கும் விருப்பம்தான். ஆனா விருந்தாளியா வரமாட்டன். இப்ப நீங்க உங்களுக்கு எண்டு என்ன ஆக்கி வச்சிரிக்கிங்களோ, அதுல எனக்கும் ஒரு பிடி போட்டுத் தாங்க. அதத் திண்டுட்டுப் போய் நாளைக்கே அவளக் கூட்டி வாறன்."

றுகையா அடுப்பின் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். பத்து மாதமாக அவள் நெஞ்சில் கிடந்த கல்லை யாரோ ஒரே கையால் தூக்கி எறிந்துவிட்டார்கள். பூசணிக்காய் நன்றாக இருந்ததாம். ருசிக்குத்தான் இன்னும் கேட்டாராம். கண்ணீர் அதன் பாட்டில் ஓடியது; அவளுக்குச் சிரிப்பும் வந்தது. சட்டியைத் திறந்தாள். குறுணல் கஞ்சி. பக்கத்தில் முருங்கையிலைச் சுண்டல், ஒரு பிடி. பீங்கானைக் கழுவித் துடைத்து, கஞ்சியை வடித்துச் சோற்றை மட்டும் வழித்துப் போட்டு, சுண்டலை வைத்தாள்.

வைத்துவிட்டுப் பார்த்தாள். இப்படிச் சொன்ன பிள்ளைக்கு, பஸ் ஏறி இறங்கி மழை நாளில் வந்து முற்றத்தில் நிற்கிற பிள்ளைக்கு, பெற்ற தாயும் கேட்காத ஒன்றைத் தன்னிடம் கேட்ட பிள்ளைக்கு, இதையா கொடுப்பது? கை போகவில்லை. ஒன்றே ஒன்று, சும்மா ஒரு ஓரத்தில், சோறு இறங்குவதற்கு. கோழியை அடைக்கு வைக்கவென்று உமிக்குள் புதைத்து வைத்திருந்த முட்டைகளின் நினைப்பு வந்தது. இரண்டை எடுத்தாள். அடுப்பு அணைந்திருந்தது, விறகு ஈரம். ஊதினாள். புகை கண்ணைக் கரித்தது. மறுபடியும் ஊதினாள். வெங்காயத்தைக் குறுக அரிந்து, கொச்சிக்காயைக் கிள்ளிப் போட்டு, இருந்த தேங்காயெண்ணெயை எல்லாம் சட்டியில் விட்டு, முட்டையை அடித்து ஊற்றினாள். அது பொங்கிப் பொரிந்து வந்தபோது அடுப்படி முழுக்க வாசம் நிறைந்தது. கிடுகுக்கு வாசத்தைத் தடுக்கத் தெரியாது.

எனக்கு அந்த இடத்தில் அவளைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருக்கிறது. ஆனால் உலுக்கி என்ன? நாற்பத்தாறு வருஷம் பிறருக்கு நல்லதையும் தனக்கு மிச்சத்தையும் எடுத்து வைத்துப் பழகிய கை. அன்பு வந்தால் அதற்கு வேறொன்றும் செய்யத் தெரியவில்லை.

முட்டையைச் சோற்றின்மேல் வைத்தாள். அப்போதுதான் பீங்கானைக் கொண்டுபோய்க் கொடுக்கக் கமீலா இல்லை என்பது அவளுக்கு உறைத்தது. வாசலில் வைத்துவிட்டு ஒளிந்துகொண்டால் பிச்சைக்காரனுக்கு வைத்த மாதிரி ஆகும். இல்லை, மகன் மாதிரிதான், மகன்தான் என்று தனக்குத்தானே சொன்னாள். முக்காட்டை இழுத்துவிட்டு, பிஸ்மி சொல்லி, பதினான்கு மாதத்தில் முதல் தடவையாக மருமகனுக்கு முன்னால் போக அடுப்படி வாசலைத் தாண்டினாள்.

முற்றத்தில் யாரும் இல்லை. கடப்பு சாத்தியிருந்தது.

பீங்கானை முக்காட்டால் மூடிக்கொண்டு பெரிய தெருவரைக்கும் ஓடினாள். தேத்தண்ணிக் கடையில் இருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். அம்பாறை பஸ் காரைதீவுப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அது கண்ணுக்கு மறையும்வரை தெருவோரத்தில் நின்றாள். திரும்பி வரும்போது மழை மறுபடியும் பிடித்துக்கொண்டது.

மறுநாள் விடிய ஷரிபுதீனை வரிப்பத்தான்சேனைக்கு அனுப்பினாள். தான் பீங்கானோடு வெளியே வந்ததையும், பஸ்ஸுக்குப் பின்னால் ஓடியதையும், ஒரு எழுத்து விடாமல் சொல்லச் சொன்னாள். அவர் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகுதான் திரும்பினார். தனியாக வந்தார். அடுப்படி வாசலில் குந்தி உட்கார்ந்து, கடப்பு வழியே அவருக்குப் பின்னால் வேறு யாரும் வருகிறார்களா என்று அவள் பார்த்து முடிக்கும்வரை காத்திருந்து, பிறகு சொன்னார்.

எல்லாவற்றையும் சொல்லியாயிற்றாம். மசூருக்கு மாமியில் ஒரு கோபமும் இல்லையாம். முற்றத்தில் வெகுநேரம் நின்றானாம், முட்டை பொரிக்கிற வாசம் வந்ததாம், அதோடு அவனுக்கு விளங்கிவிட்டதாம்.

"தான் இஞ்ச இருந்தா நீங்க பட்டினிதான் கிடப்பீங்களாம். உங்களால வேற மாதிரி இரிக்க ஏலாதாம். மாமி ஒரு நேரமாவது வயிறாரத் திங்கட்டும், அதால நாங்க வரல்ல எண்டு சொல்லச் சொன்னாரு. கமீலாவும் அழுதழுது ஓம் எண்டுட்டா. புள்ள கிடைச்ச பொறகு கொண்டு வந்து காட்டுறாங்களாம்."

 றுகையா தலை குனிந்துகொண்டு அடுப்புச் சாம்பலை ஒரு குச்சியால் கிளறிக்கொண்டே இருந்தாள். மறுமொழி ஏதும் சொல்லி அனுப்ப வேண்டுமா என்று ஷரிபுதீன் கேட்டார். நாளை மறுநாள் நெல் பார்க்கப் போகிறாராம், சொன்னால் சொல்லிவிடுவாராம்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"தம்பி," என்றாள், "மருமகன் நேத்துப் பசியோடயா பஸ் ஏறின?"

ஷரிபுதீன் அதைக் கேட்டு வரவில்லை.